இருபத்தோராவது எழுத்து

பாலேந்திரன் நோர்வேக்கு வந்து முப்பத்தெட்டு வருடங்கள் ஆகியும், இந்த நாட்டின் எந்தக் கந்தோரும் அவரை அவருடைய பெயரால் கூப்பிட்டது கிடையாது. வந்திறங்கிய அன்று படிவம் நிரப்பிய பொலிஸ்காரன் ‘குடும்பப் பெயர்’ என்ற பெட்டிக்குள் அவருடைய தகப்பன் தம்பையாவைத் தூக்கிப் போட்டுவிட்டான். அன்று தொடக்கம் வரி அறவிடுகிறவர்களுக்கு அவர் தம்பையா. பல் வைத்தியருக்குத் தம்பையா. பஸ் ஓட்டுகிற கம்பனி நெஞ்சில் குத்திவிட்ட தகட்டிலும் தம்பையா. யாழ்ப்பாணத்தில் சைக்கிள் கடை வைத்திருந்து, கடலைத் தாண்டாமலே கண்ணை மூடிய அந்த மனிதர் ஒஸ்லோவில் ஒழுங்காக வரி கட்டிக்கொண்டிருந்தார்.

இந்த நட்டத்தைப் பாலேந்திரன் தமிழர்களிடம் ஈடுசெய்தார். தென் ஒஸ்லோ தமிழ்ச் சான்றோர் அவையில் பத்தொன்பது அங்கத்தவர்கள், பதினாறு பதவிகள். பதவி கிடைக்காத மூவரும் அடுத்த வருடத்துக்காகக் காத்திருந்தார்கள். பாலேந்திரன் அதன் போசகர். அழைப்பிதழ்களில் ‘போசகர், பொருளியல் அறிஞர் திரு. த. பாலேந்திரன்’ என்று வரும். அந்த நடுச் சொல்லுக்கு ஆதாரம் அவரே எப்போதோ சொன்ன ஒரு வசனம்: “நான் கம்பஸிலை எக்கொனமிக்ஸ் செய்தனான்.”

‘செய்தனான்’ ஒரு வசதியான சொல். தொடங்கியதும் அதற்குள் அடங்கும், முடித்ததும் அடங்கும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தான் எத்தனை நாள் இருந்தார் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். கேட்டவர்கள் முடித்ததாக எடுத்துக்கொண்டார்கள். அவர் தடுக்கவில்லை.

ஒரே மகள் தக்ஷாயினிக்கு 2021இல் புலமைப்பரிசில் கிடைத்தது. சீனாவில், ஹாங்சோ நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் சர்வதேச வர்த்தகமும் பொருளியலும் படிக்க. அவர்கள் குடியிருந்த பியோர்ண்டாலில் செய்தி பரவியபோது எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

“சீனாவோ? டொக்டருக்கோ?”

போலந்துக்கும் ஹங்கேரிக்கும் போகிற பிள்ளைகள் டொக்டருக்குத்தான் போவார்கள். அதைவிடத் தூரம் போகிறவள் அதைவிடப் பெரிய டொக்டராக வரவேண்டும் என்பது சனங்களின் கணக்கு. “இல்லை, பிஸ்னஸும் எக்கொனமிக்ஸும்” என்று தாய் இராசமணி சொன்னால், செத்தவீட்டு அமைதி ஒன்று இறங்கும். பிறகு யாராவது அவள் கையைப் பிடித்து, “பரவாயில்லை அக்கா, இடையிலை மாறலாம்தானே” என்பார்கள்.

முதல் வருடம் பெருந்தொற்றுக் காரணமாகச் சீனா எல்லையைத் திறக்கவில்லை. படிப்பு முழுக்கக் கணினியில். அங்கே பின்னேர வகுப்பு என்றால் இங்கே காலை எட்டு மணி. பாலேந்திரனுக்குப் பஸ் பின்னேரம்தான். ஆகவே கமராவுக்குள் விழாத சோபா மூலையில் தேத்தண்ணியோடு உட்காருவார். இரண்டாம் கிழமை கையில் ஒரு கொப்பியும் வந்தது.

“என்னப்பா எழுதுறியள்?” என்று மகள் கேட்டாள்.

“சும்மா. எழுதாமல் விட்டால் கை மறந்துபோயிடும்.”

சீன வழக்கத்தில் குடும்பப் பெயர்தான் முதலில் வரும். ஆங்கிலத்தில் பாடம் நடத்திய அந்தச் சீன விரிவுரையாளர் தக்ஷாயினியை ஒருநாளும் தக்ஷாயினி என்று கூப்பிட்டதில்லை. “பாலேந்திரன், பொருளுக்குத் தேவை கூடி, வரத்து அப்படியே நின்றால் விலைக்கு என்ன ஆகும்?” என்று கேட்பார். சோபா மூலையில் ஒருவர் நிமிர்ந்து உட்காருவார். ஒருமுறை விடை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. மகள் முந்திக்கொண்டாள். அவள் சொன்னதும் அவர் நினைத்ததும் ஒன்றுதான். அன்று முழுவதும் பாலேந்திரன் பஸ்ஸை மிகுந்த மரியாதையோடு ஓட்டினார்.

அடுத்த இலையுதிர்காலத்தில் அவள் புறப்பட்டுப் போனாள். வெளிநாட்டு மாணவர் விடுதியில் தன்சானியாக்காரி ஒருத்தியோடு ஓர் அறை. துறைமுகத்துக்குக் கூட்டிப்போய், கப்பலேறும் பெட்டிகளுக்குச் சுங்கப் பத்திரம் எழுத வைத்த பேராசிரியர் ஒருவர். கடைசி வருடம், நோர்வேச் சால்மன் ஒரு சீன வீட்டுத் தட்டுக்குப் போய்ச் சேர எத்தனை கை மாறுகிறது என்று அறுபது பக்கத்தில் ஓர் ஆய்வு. வந்த புதிதில் வடக்கே மீன் தொழிற்சாலையில் இரண்டு வருடம் மீன் வெட்டிய பாலேந்திரனுக்கு, மீனைப்பற்றி எழுத அறுபது பக்கம் இருக்கிறது என்பது புதினமாக இருந்தது.

2025 ஆனியில் அவள் பட்டமளிப்புக்கு நிற்காமலே திரும்பிவிட்டாள். ஒஸ்லோவில் சால்மன் ஏற்றுமதி செய்கிற கம்பனி ஒன்றில் கோடை வேலை கிடைத்திருந்தது. கோடை முடியும்போது கம்பனி சொன்னது: கார்த்திகையிலிருந்து சீனச் சந்தைக்கு நீதான், நிரந்தரமாக. பத்திரங்களைச் சரிபார்த்துவிட்டால் கையெழுத்து. எண்பது பேர் கேட்ட வேலை அது. அவள் வேறெங்கும் விண்ணப்பிக்கவில்லை.

ஆவணியில் பட்டச் சான்றிதழ் கூரியரில் வந்தது. சீனமொழியில் ஒன்று, அவள் படத்தோடு. ஆங்கிலத்தில் ஒன்று, படமில்லாமல், சிவப்பு முத்திரையோடு.

“அப்பா, என்ரை பேரை வெட்டிப்போட்டாங்கள்.”

பாலேந்திரன் என்று முழுதாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் ‘ரி’ (T) என்ற ஒற்றை ஆங்கில எழுத்து, ஒரு புள்ளி. அவ்வளவுதான்.

“இருபது பெட்டிதானாம்,” என்றாள். “உங்கடை பேர் ஒன்பது எழுத்து, ஒரு இடைவெளி, என்ரை பேர் பதினொண்டு. கூட்டினால் இருபத்தொண்டு. ஒரு எழுத்து மிஞ்சினதுக்கு மெஷின் பத்து எழுத்தை வெட்டியிருக்கு.”

பாலேந்திரன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு யாழ்ப்பாணத்து ஆள் வாசிக்கிற மாதிரி வாசித்தார். தனியே நின்ற எழுத்தைத் தகப்பன் பெயராக எடுத்து முன்னுக்குக் கொண்டுவந்தார். ரி. பாலேந்திரன். தம்பையா பாலேந்திரன். பொருளியல் பட்டதாரி. முத்திரை குத்திய ஒரு கடதாசியில் அவர் பெயர் முதன்முறையாக அவர் பெயராகவே நின்றது.

“பிழையெண்டு சொல்லேலாது பிள்ளை. சுருக்கி அடிச்சிருக்கிறாங்கள்.”

“அப்பா, இது நானில்லை. இது நீங்கள்.”

“ஓம்,” என்றார் பாலேந்திரன்.

பல்கலைக்கழகத்துக்கு எழுதினாள். இரண்டையும் திருப்பி அனுப்பினால் புதிது அடித்துத் தருவதாகப் பதில் வந்தது. கம்பனிக்கும் விளக்கம் சொல்லிப் பிரதியைக் கொடுத்து வைத்தாள். அனுப்புகிற பொறுப்பைத் தகப்பன் ஏற்றுக்கொண்டார். மறுநாள் இரண்டையும் எடுத்துக்கொண்டு ட்வெய்ட்டாக் கடைத்தெருவுக்குப் போனவர், தபாலில் போடவில்லை. கண்ணாடிச் சட்டம் போட்டுக்கொண்டு வந்தார். ஆங்கிலத் தாள் முன்னுக்கு, சீனத் தாள் அதன் முதுகுக்குப் பின்னால்.

“அனுப்பும்வரைக்கும் கசங்காமல் இருக்கட்டும்,” என்று விறாந்தைச் சுவரில் மாட்டினார். நாளைக்கு அனுப்புவதாகச் சொன்னார். அந்த நாளை மூன்று கிழமை நீண்டது.

அவையின் தலைவர் சற்குணம் ஆண்டு விழா அலுவலாக வந்தது அந்த மூன்றாம் கிழமையில். பாலேந்திரனைவிட ஆறு வயது இளையவர். மற்றவர்களின் சாதனைகளை அறிவிப்பதையே தன் சாதனையாகக் கொண்டவர். சப்பாத்தைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தவரின் கண்ணில் சட்டம் பட்டது. கிட்டப் போய் வாசித்தார். அவரும் யாழ்ப்பாணத்து ஆள்தான். அவரும் எழுத்தை முன்னுக்குக் கொண்டுவந்தார்.

“அண்ணை. ஆருக்கும் சொல்லாமல் முடிச்சிட்டியள் என்ன?”

இந்த இடத்தில் பாலேந்திரன் வாயைத் திறந்திருக்கலாம். தேத்தண்ணி ஊற்றினார்.

“மகளோடை சேந்தே படிச்சனீங்கள்? ஒன்லைனிலையோ?”

“முதல் வருசம் ஒன்லைன்தான்,” என்றார் பாலேந்திரன். அது முழு உண்மை.

“அறுபத்திரண்டு வயசிலை. தேப்பனும் மகளும் ஒரே கம்பஸிலை. இதை நாங்கள் சும்மா விடேலாது அண்ணை. பக்கத்திலை நில்லுங்கோ பாப்பம்.”

பாலேந்திரன் சட்டத்துக்குப் பக்கத்தில் நின்றார். சற்குணம் கைபேசியில் படம் எடுத்தார். அன்று மாலையே அவையின் முகநூல் பக்கத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் செய்தி வந்தது: சீனப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பட்டம் பெற்றார் எமது போசகர். சனிக்கிழமை விழாவில் ‘கல்விக் கலங்கரை’ விருதும் பொன்னாடையும். படத்தில் சான்றிதழின் இலக்கம்கூடத் தெளிவாகத் தெரிந்தது. சற்குணத்தின் கைபேசி புதிது.

வியாழக்கிழமை தக்ஷாயினி வெளியிலிருந்து வந்து சப்பாத்துக்கூடக் கழற்றாமல் கதவடியில் நின்றாள்.

“அப்பா, இதை வாசியுங்கோ.”

கம்பனிக்காகப் பத்திரங்களைச் சரிபார்க்கிறவர்கள் எழுதிய கடிதம். நோர்வேக்காரர் சந்தேகப்படும்போதுதான் மிகவும் பணிவாக எழுதுவார்கள். அதே இலக்கம் கொண்ட சான்றிதழ் இணையத்தில் வேறொரு நபரின் படத்தோடும் பெயரோடும் காணப்படுகிறது; விளக்கம் தருவீர்களானால் நன்றியுடையோம்; செய்தியை வெளியிட்டவர்களின் திருத்தமும் தேவை; திங்கட்கிழமை நண்பகல் வரை. இல்லாவிட்டால் வேலை அடுத்தவருக்கு வழங்கப்படும்.

“எனக்குத் திங்கள் ஃப்றிஸ்ட்,” என்றாள். கெடு என்பதற்கு அவளுக்கு அந்த நோர்வேச் சொல்தான் வரும். “நாலு வருசம் படிச்சனான் அப்பா. அவையள் என்னைக் கள்ளியெண்டு நினைக்கினம்.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் பாலேந்திரனுக்குச் சமாதானம் சொல்கிற வேலையாவது இருந்திருக்கும்.

“நான் சற்குணத்தோடை கதைக்கிறன்.”

“என்னெண்டு கதைப்பியள்?”

பாலேந்திரன் கைபேசியை எடுத்தார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழைத்தார்.

“சற்குணம், அந்தப் படத்தை எடுத்துவிடும். ஒரு சின்னத் திருத்தமும் போடும்.”

“என்ன திருத்தம் அண்ணை?”

“பேரிலை… எழுத்து ஒண்டு.”

“உங்கடை பேர் சரியாத்தானே கிடக்கு. நானூற்றிப் பன்னிரண்டு பேர் விருப்பம் போட்டிருக்கினம். ஒருத்தரும் பிழை சொல்லேல்லை. பிரதம விருந்தினரும் வாறார் அண்ணை. ஒண்டுக்கும் யோசியாதேங்கோ.”

கதவுக்கு வெளியே இராசமணி நின்றுகொண்டிருந்தாள். முதியோர் இல்லத்துச் சமையலறையில் இருபது வருடம் நின்று நின்று, கேட்காமலே எதையும் அறிகிற கலையைக் கற்றவள். “எழுத்து ஒண்டோ?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள்.

ஹவுகெட்டோவில் வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் நான்கு மணிக்குத் தொடங்கவேண்டிய விழா ஐந்தரைக்குத் தொடங்கியது. குத்துவிளக்குக்கு ஐந்து முகம். ஏற்ற வந்த பிரமுகர்கள் ஒன்பது பேர். மிஞ்சிய நால்வர் ஏற்கனவே எரிகிற திரிகளை மறுபடி ஏற்றினார்கள். பிரதம விருந்தினர் ஞானசேகரன், தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே மீன் நோய்களை ஆராய்கிறவர். உண்மையான முனைவர் பட்டம் வைத்திருந்தும் பெயருக்கு முன்னால் அதைப் போடாத மனிதர். சபை அதை ஒரு குறைபாடாகவே பார்த்தது.

வாழ்த்துமடல் வாசிக்கப்பட்டது. ‘அகவை அறுபத்திரண்டிலும் அயராது கற்ற ஆழியே’ என்று தொடங்கி ஒரு பக்கம் ஓடியது. பொன்னாடை தோளில் விழுந்தது. மூன்றாம் வரிசையில் தக்ஷாயினி இருந்தாள். வரமாட்டேன் என்று சொன்னவளைத் தகப்பன்தான், “வா. போனிலை எடு. நான் சொல்லுறதை முழுக்க எடு” என்று கூட்டிவந்திருந்தார். அவள் கைபேசியை நீட்டிப் பிடித்திருந்தாள்.

பாலேந்திரன் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“இந்தப் பட்டம் என்ரை இல்லை,” என்றார்.

கைதட்டல் எழுந்தது.

“பாத்தீங்களோ,” என்றார் சற்குணம் மற்ற ஒலிவாங்கியில். “இதுதான் அண்ணையின்ரை தன்னடக்கம்.”

“இல்லை. கேளுங்கோ. அதிலை இருக்கிற எழுத்து தம்பையா இல்லை. தக்ஷாயினி. படிச்சது என்ரை மகள். பெட்டி போதாமல் பேரை வெட்டிப்போட்டாங்கள்.”

கைதட்டல் முந்தியதைவிடப் பெரிதாக வந்தது. தன் பட்டத்தைப் பிள்ளைக்கு விட்டுக்கொடுக்கிற தகப்பனை மண்டபம் கண்கலங்கப் பார்த்தது. ஞானசேகரன் பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து, “ரொம்பப் பெரிய மனசு சார் இவருக்கு” என்றார்.

பாலேந்திரன் காத்திருந்தார். பொன்னாடையின் சரிகை கழுத்தை அறுத்தது. உண்மையை இரண்டு தரம் சொல்லியாயிற்று; இரண்டு தரமும் அது புகழாகத் திரும்பி வந்துவிட்டது. இந்தச் சபையைத் தானும் சேர்ந்துதான் இப்படிப் பழக்கினார். அவர்கள் நம்பக்கூடியதாக அவரிடம் மிச்சமிருந்தது ஒன்றுதான்.

“நான் யாழ்ப்பாணக் கம்பஸுக்குப் போனது பதினொரு நாள்,” என்றார்.

ஒருவரும் கைதட்டவில்லை.

“பன்னிரண்டாம் நாள் போகேல்லை. இராணுவத்தின்ரை சுற்றிவளைப்புக்குப் பயந்து கொழும்புக்கு ஓடினனான். அங்கையிருந்து இஞ்சை. பிறகு ஒருநாளும் ஒரு வகுப்பிலையும் பேர் பதிஞ்சு இருந்து படிக்கேல்லை. முப்பத்தெட்டு வருசமா ‘செய்தனான்’ எண்டு சொல்லிக்கொண்டு திரியிறன். நீங்கள் முடிச்சனான் எண்டு நினைச்சனீங்கள். நான் திருத்தேல்லை. இந்தப் படத்துக்கும் நான்தான் போய் நிண்டனான். சற்குணத்திலை பிழையில்லை. என்ரை பிள்ளையின்ரை வேலை இப்ப இதாலை போகப்போகுது. இதை அப்பிடியே உங்கடை பக்கத்திலை போடுங்கோ. நாளைக்குப் போடுங்கோ.”

சற்குணம் ஒலிவாங்கியை வாயருகே கொண்டுபோனார், எடுத்தார், மறுபடி கொண்டுபோனார். “அண்ணை, அது செயற்குழு கூடித்தான்…”

“செயற்குழு முழுக்க இஞ்சைதானே இருக்கு,” என்றார் பாலேந்திரன். அது உண்மைதான். முன்வரிசை முழுவதும் செயற்குழு.

பொன்னாடையைக் கழற்றினார். யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் ஒருகணம் நின்றார். பிறகு மடித்து, தான் இருந்த கதிரையில் வைத்துவிட்டு இறங்கினார். சற்குணத்துக்கு மூச்சு வந்தது. “அடுத்ததாகச் சிறுவர்களின் கோலாட்டம்,” என்றார்.

கார் ஹவுகெட்டோவைத் தாண்டியது. பின்சீற்றிலிருந்து இராசமணிதான் தொடங்கினாள்.

“பதினொரு நாளோ?”

“ஓம்.”

“கலியாணம் பேசேக்கை மூண்டு வருசம் எண்டல்லோ சொன்னவை.”

“பேசினது என்ரை தாய்மாமன்.”

“பக்கத்திலை இருந்தது நீங்கள்.”

பாலேந்திரன் தெருவைப் பார்த்து ஓட்டினார். இராசமணி, “என்ரை ஐயா மூண்டு வருசத்துக்கெண்டுதான் ஓமெண்டவர்,” என்றாள். “எனக்கு ஆள் உயரமெண்டது போதும்.” அதற்குமேல் அவள் அந்தக் கதையை எடுக்கவில்லை.

ஞாயிறு மத்தியானம் திருத்தம் வந்தது. உண்மையைச் சொல்லிவிட்டு, சொல்லாமலும் விட்டிருந்தார் சற்குணம்: ‘கணினியின் கவனக்குறைவால் ஏற்பட்ட மயக்கத்தை நீக்கி, பட்டத்துக்கு உரியவர் பொருளியல் பேரறிஞர் செல்வி தக்ஷாயினி பாலேந்திரன் அவர்களே என அவை பெருமிதத்துடன் பிரகடனம் செய்கிறது.’ தக்ஷாயினி அதை நோர்வேஜிய மொழியில் பெயர்க்கும்போது பாதியை விட்டுவிட்டாள். தகப்பனின் பேச்சை மட்டும் ஒரு சொல்லும் விடாமல் பெயர்த்து, ஒளிப்பதிவோடு அனுப்பினாள். ‘பதினொரு நாள்’ என்ற இடத்தில் தட்டச்சை நிறுத்தி, ஒளிப்பதிவின் அந்தத் துண்டை மறுபடி ஒருதரம் ஓடவிட்டாள் என்று இராசமணி சொன்னாள்.

திங்கள் பதினொரு மணிக்குப் பதில் வந்தது. மூன்று வரி. விளக்கத்துக்கு நன்றி, விடயம் முடிந்தது, கார்த்திகை மூன்றாம் திகதி காலை எட்டு மணிக்கு வரவும்.

பாலேந்திரன் சுவரிலிருந்து சட்டத்தை இறக்கி, பின்பக்கத் தகடுகளை மெதுவாக நிமிர்த்தித் தாள்கள் இரண்டையும் வெளியே எடுத்தார். தக்ஷாயினி பக்கத்தில் வந்து நின்றாள்.

“அப்பா, அந்த முதல் வருசக் கொப்பி எங்கை?”

“எந்தக் கொப்பி?”

“சோபாவிலை இருந்து எழுதினது.”

“கிடக்கும் எங்கையாவது.” அது அலுமாரியின் மேல்தட்டில், பாஸ்போட்டுகளுக்குக் கீழே இருந்தது. இருவருக்கும் தெரியும்.

“பதினொரு நாளும் ஒரு வருசமும்,” என்றாள். “மேடையிலை அதைச் சொல்லாமல் விட்டிட்டியள்.”

“அதுக்கும் கைதட்டியிருப்பாங்கள்,” என்றார் பாலேந்திரன்.

வேலைக்குப் போகிற வழியில் ஹவுகெட்டோவில் தபால் எடுக்கிற கடைக்குப் போனார். சீருடையில் இருந்தார். கவுண்டரில் நின்ற பெண் நெஞ்சுத் தகட்டைப் பார்த்து, “தம்பையா, இதை நிரப்புங்கள்” என்று படிவத்தை நீட்டினாள். அனுப்புபவர் பெயருக்கு இதில் பெட்டிகள் தாராளம். அவர் குனிந்து, மகளின் பெயரைப் பதினொரு பெட்டிகளில் பதினொரு எழுத்தாக ஒவ்வொன்றாக எழுதினார். ஓர் இடைவெளி விட்டார். பிறகு தன் பெயரை எழுதினார்.

‘பெறுமதி’ என்று ஓர் இடம் இருந்தது. அதில் என்ன போடுவது என்று கேட்டார்.

“உள்ளே என்ன இருக்கிறது?”

“கடதாசி. இரண்டு தாள்.”

“அப்படியென்றால் பூச்சியம் போடுங்கள்,” என்றாள்.

கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்தபடி நின்றார். பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. பூச்சியம் போட்டார்.